காலில் தொடங்கி நெஞ்சில் அடைக்கும் கட்டி: நுரையீரல் இரத்தக்கட்டியும் அதன் சிகிச்சையும்

அம்மா வழுக்கி விழுந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மழை விட்ட காலை நேரம், கொழுந்துக் கூடையோடு மலையில் இறங்கும்போது கால் சறுக்கியது. வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமைக்குக் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்தில் ஒரு காம்பராவும் ஒரு குசினியும்தான். கட்டிலை விட்டு எழுந்தால் நடப்பதற்கு நான்கு அடி இடம். அம்மா படுத்தே கிடந்தார்.

நான்காம் கிழமை, "தொடை கனக்குது" என்றார். "படுத்தே கெடந்தா கனக்கத்தானே செய்யும்" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, கம்பை ஊன்றிக் கழிவறைக்குப் போய் வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "மூச்ச இழுத்தா நெஞ்சுல குத்துது புள்ள."

முதலில் போன இடத்தில் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அது எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அன்று அங்கே இருந்தவருக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். மறுநாள் விடிய அம்மா மயங்கி விழுந்தார். ஓட்டோவில் ஏற்றி இன்னொரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் வைத்தியர் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன் பிளாஸ்டருக்கு மேலே தொடையை அழுத்திப் பார்த்தார். "கால் உடைந்து எத்தனை நாள்?" என்று கேட்டார். நெஞ்சுவலிக்காக வந்தவரிடம் ஏன் காலைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தக் கேள்விதான் அம்மாவைக் காப்பாற்றியது. அதன் பிறகு மாதக்கணக்காக வார்டிலும் கிளினிக்கிலும் நான் கேட்டதையும், தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவையும் காலத்தையும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வைத்தியரிடம் எப்போது ஓட வேண்டும், போனதும் என்ன சொல்ல வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கட்டி எங்கிருந்து வருகிறது

மாரடைப்பும் பக்கவாதமும் நமக்குத் தெரிந்த நோய்கள். அவை பெரும்பாலும் நாடிகளில், அதாவது இருதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் குழாய்களில் ஏற்படும் அடைப்புகள். இது வேறு. இருதயத்துக்குத் திரும்பி வரும் குழாய்களான நாளங்களில், அதிலும் பெரும்பாலும் காலின் ஆழத்தில் உள்ள நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் தசைகள் பம்பி போலச் சுருங்கி விரிய வேண்டும். கால் அசையாமல் கிடந்தால் இரத்தம் தேங்குகிறது. நாளத்தின் சுவர் காயப்பட்டாலும், நோயாலோ மருந்தாலோ கர்ப்பத்தாலோ இரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு வந்தாலும் இதே ஆபத்துத்தான். தேக்கம், காயம், உறையும் தன்மை என்ற இந்த மூன்றும் ஜேர்மன் வைத்தியர் ருடோல்ஃப் விர்க்கோவின் பெயரில் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. காலில் உண்டான கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கிக் காட்டியவர் அவர்.

பிய்ந்த கட்டி வயிற்றுக்குள் ஓடும் பெருநாளம் வழியாக இருதயத்தின் வலது பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரல் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து ஒடுங்குவதால் எங்கேயாவது சிக்கிக்கொள்ளும். சிறிய கட்டி ஓரத்தில் சிக்கினால் மூச்சை இழுக்கும்போது குத்து வலி, சிலருக்குச் சளியில் இரத்தம். பெரிய கட்டி நடுவில் சிக்கினால் வலது இருதயம் தவிக்கத் தொடங்கும். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதற்கென்றே அமைந்த மெல்லிய அறை அது. அடைத்த குழாய்க்குள் தள்ளித் தள்ளி விரிந்து, களைத்து, நின்றுவிடுகிறது. உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்தக் களைப்புத்தான்.

பதுங்குகுழியும் சாய்வு நாற்காலியும்

இதை வாசிப்பவர்களில் பலர் பதுங்குகுழிக்குள் முழங்காலை மடக்கி இரவைக் கழித்தவர்கள். அதனால் 1940இல் லண்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜேர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு போட்ட அந்த மாதங்களில் மக்கள் தங்குமிடங்களில் துணி கட்டிய சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். சடலப் பரிசோதனைகள் செய்த மருத்துவர் கீத் சிம்ப்சன் ஒரு விடயத்தைக் கவனித்தார். நுரையீரல் இரத்தக்கட்டியால் திடீரென இறந்தவர்களின் எண்ணிக்கை, முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் ஆறு மடங்காகியிருந்தது. குண்டு அவர்கள்மேல் விழவில்லை. நாற்காலியின் மரச்சட்டம் தொடையின் கீழே அழுத்த, கால் தொங்கியபடி மணிக்கணக்காக இருந்ததுதான் காரணம் என்று அவர் அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். நாற்காலிக்குப் பதிலாகப் படுக்கைத் தட்டுகள் வேண்டும் என்ற வாதத்துக்கு அது வலுச்சேர்த்தது.

ஜப்பானில் 2004 ஒக்டோபரில் நீகாட்டாப் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது வீட்டுக்குள் போகப் பயந்தவர்கள் கார்களுக்குள் நாட்கணக்காகத் தூங்கினார்கள். அங்கேயும் சிலர் இதே கட்டியால் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் அனர்த்த முகாம்களில் கால் அசைக்கச் சொல்வதும் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

ஊடகக் கற்கை படித்த காலத்தில், படையோடு சேர்ந்து போய்ச் செய்தி சேகரிப்பது சரியா பிழையா என்ற வகுப்பில் டேவிட் புளூம் என்ற பெயர் அடிபடும். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சிக்காக ஈராக் யுத்தத்தில் கவச வாகனத்தோடு ஓடியபடி நேரலை கொடுத்தவர். 2003 ஏப்ரல் 6ஆம் திகதி இறந்தார். வயது 39. அவர் யுத்தத்தில் இறந்தார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு நோய் வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். அவரைக் கொன்றது காலிலிருந்து போன கட்டி. நெருக்கடியான வாகனத்துக்குள் நாட்கணக்காக முழங்காலை மடக்கி இருந்திருக்கிறார். கால் வலிக்கிறது என்று தொலைபேசியில் வைத்தியரிடம் சொல்லி, உடனே போய்க் காட்டச் சொன்னதையும் கேட்டு, வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். எளிதில் உறையும் பரம்பரைத் தன்மையும் அவர் இரத்தத்தில் இருந்தது பிறகு தெரியவந்தது.

யார் கவனமாக இருக்க வேண்டும்

கால் அல்லது இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் இருப்பவர்கள், ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவர்கள், முன்பு ஒருமுறை கட்டி வந்தவர்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்வதும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும். ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வருபவர்கள் விமானத்தில் இடையிடையே எழுந்து நடப்பது இதற்காகத்தான். ஏற்கெனவே கட்டி வந்தவராக இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இந்தப் பட்டியலில் நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள். காயம்பட்ட முதல் மூன்று மாதங்களில்தான் ஆபத்து மிக அதிகம். ஆண்டுகள் போனபின் குறைகிறது. ஆனாலும் காய்ச்சல், படுக்கைப்புண், சத்திரசிகிச்சை என்று மறுபடி படுக்கையில் விழும்போது திரும்பவும் கூடுகிறது. அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காலில் உணர்ச்சி இல்லாததால் வலி தெரியாது.

எங்கள் அத்தை குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுப்போய்க் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியது. அத்தையின் மகன் 2009இல் முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டுச் சக்கரநாற்காலியில் இருக்கிறார். அம்மா வார்டில் இருந்தபோது தாதி ஒருவர் அளவு நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்ததைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் இறங்கி, இரண்டு காலிலும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் பெருத்திருந்தால் அது சந்தேகத்துக்குரியது. அன்றிரவே அத்தைக்குக் கோல் எடுத்தேன். அத்தை தையல் தைப்பவர். நாடாவுக்குப் பஞ்சமில்லை.

சந்தேகம் வந்தால்

திடீரென வந்த மூச்சுத்திணறல், மூச்சை உள்ளே இழுக்கும்போது கூடும் நெஞ்சுவலி, காரணமில்லாமல் வேகமாக அடிக்கும் நாடி, மயக்கம், இருமலில் இரத்தம். இவற்றில் ஏதாவது ஒன்றோடு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, அண்மையில் கால் உடைந்தோ ஒப்பரேஷன் செய்தோ பிள்ளை பெற்றோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. தோட்டத்தில் இது கேஸ்ட்ரிக் ஆகிவிடும், முட்டு ஆகிவிடும், வாய்வு ஆகிவிடும். இருமலில் இரத்தம் வந்தால் காசநோய் என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. வைத்தியசாலையில் முதல் வாயிலேயே "கால் உடைந்து நான்கு கிழமை, இப்போது திடீரென்று மூச்சு முட்டுகிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் முதல் இடத்தில் நெஞ்சுவலி என்று மட்டும்தான் சொன்னோம்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிந்து ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் போகிறது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அண்மையில் உள்ள பெரிய வைத்தியசாலை டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டப்பட்ட அதன் 150 கட்டில் கொண்ட கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்துவிட்டு, அன்றே நோர்வூட் மைதானத்தில் பேசினார். வீதிக்கு வந்துவிட்டால் தூரம் பெரிதல்ல. லயத்திலிருந்து வீதிக்கு வருவதுதான் தூரம். குன்றும் குழியுமான தோட்டப் பாதை, மழை, வராத ஓட்டோ. நோயாளியை நடத்திக் கூட்டி வராதீர்கள். களைத்துப்போன வலது இருதயத்துக்கு அந்த நடையே போதும். கதிரையில் உட்காரவைத்துத் தூக்குங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது.

வைத்தியசாலையில் ஈசிஜி எடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தாலும் கட்டி இல்லை என்று ஆகாது. டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை, சந்தேகம் குறைவாக உள்ளவர்களில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய உதவும். ஆனால் காய்ச்சல், காயம், கர்ப்பம் எல்லாவற்றிலும் அது கூடுவதால், கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோயென்று சொல்ல முடியாது. நிச்சயமாகக் காட்டுவது நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சீ.ரி. ஸ்கேன். அது இல்லாத இடத்தில் காலையும் இருதயத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள், அல்லது பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். சிறுநீரக நோய் இருந்தால் சாயம் ஏற்றுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

அட்டை சொல்லித் தரும் பாடம்

ஸ்கேன் வரும்வரை சிகிச்சையும் காத்திருப்பதில்லை. சந்தேகம் பலமாக இருந்தால் உறைதலைத் தடுக்கும் ஊசியை உடனே போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கும் மாற்றி அனுப்புவதற்கு முன்பே வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். "நெஞ்சு வலிக்கு வயித்துல ஊசியா?" என்று அம்மா கேட்டார்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பதை மலையில் வேலை செய்பவர்களுக்கு விளக்குவது சுலபம். அட்டை கடித்த இடத்தில் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வழியும். அதன் எச்சிலில் உறைதலைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. 1884இல் ஜோன் ஹேக்ராஃப்ட் என்ற விஞ்ஞானி அதைக் காட்டினார். பிறகு அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. வைத்தியசாலை ஊசியில் இருப்பது ஹெப்பரின் அல்லது அதன் வழிவந்த இனொக்ஸபரின். 1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் ஆய்வுகூடத்தில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்ட வகைப் பொருள் அது.

இந்த மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் மூச்சு சரியானதும் கட்டி கரைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மருந்து செய்வது கட்டி வளராமலும் புதிய கட்டி வராமலும் தடுப்பது மட்டும்தான். இருக்கும் கட்டியை நமது உடம்பே கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லக் கரைக்கிறது. உடம்புக்கு அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுப்பதுதான் சிகிச்சை.

அந்த அவகாசம் எவ்வளவு பெறுமதியானது என்பதை 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். பங்கெடுத்தவர்கள் வெறும் 35 பேர். மருந்து கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் கட்டியால் இறந்தார்கள், இன்னும் 5 பேருக்குக் கட்டி திரும்பவும் வந்து பிழைத்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் கட்டியால் யாரும் இறக்கவில்லை. அதற்குப் பிறகு நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கு அவகாசம் இல்லை. அவர்களுக்குக் கட்டியை நேரடியாகக் கரைக்கும் மருந்தை ஏற்றுகிறார்கள். மாரடைப்புக்குக் கொடுக்கும் ஸ்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்றவை இந்த வகைதான். அப்படியானால் எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடலாமே என்று நானும் வைத்தியரிடம் கேட்டேன். 2014இல் வெளியான பீத்தோ ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. அழுத்தம் நன்றாக இருந்தும் வலது இருதயம் சிரமப்பட்ட 1,005 பேரில் ஒரு பகுதியினருக்குக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு அல்லது நிலைமை மோசமாவது 5.6 வீதத்திலிருந்து 2.6 வீதத்துக்குக் குறைந்தது. ஆனால் பக்கவாதம் 0.2 வீதத்திலிருந்து 2.4 வீதமாகக் கூடியது, பெரும்பாலும் மூளையில் இரத்தம் கசிந்ததால். ஆகவே அழுத்தம் விழாதவர்களைக் கண்காணித்தபடி ஊசியை மட்டும் கொடுக்கிறார்கள். உங்கள் உறவினருக்கு "பெரிய மருந்தை" ஏன் கொடுக்கவில்லை என்று வார்டில் சண்டை பிடிப்பதற்கு முன் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிலையங்களில் குழாய் செலுத்தியும், நெஞ்சைத் திறந்தும் கட்டியை எடுப்பதுண்டு. 1931இல் பொஸ்டனில் இளம் மருத்துவர் ஜோன் கிபன் இந்த நோயால் சாகும் ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவு முழுவதும் இருந்தவர். இருதயத்தின் வேலையை வெளியே ஓர் இயந்திரம் செய்தால் என்ன என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு வந்தது. 1953 மே மாதம் அவரது இருதய நுரையீரல் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியில் வெற்றிபெற்றது. இன்று பைபாஸ் செய்துகொள்ளும் பலரும் அந்த இரவுக்குக் கடன்பட்டவர்கள்.

கிளினிக் கொப்பி

அம்மாவைத் துண்டு வெட்டி அனுப்பியபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஊசிக்குப் பின் வோபரின் குளிசை. எலும்பு முறிவு போலத் தெளிவான காரணம் இருந்தால் குறைந்தது மூன்று மாதம். காரணம் தெரியாமல் வந்திருந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ ஆண்டுக்கணக்கில், சிலருக்கு வாழ்நாள் முழுவதும். அம்மாவுக்கு ஆறு மாதம் எழுதினார்கள்.

வோபரின் எலிமருந்தாகவும் இருந்தது என்பது உண்மை. பூஞ்சணம் பிடித்த தீவனத்தைத் தின்ற அமெரிக்க மாடுகள் இரத்தம் கசிந்து செத்ததிலிருந்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் கண்டறிந்த பொருளின் வழிவந்தது. 1948இல் எலிகளுக்கு விற்கப்பட்டது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. எங்கள் லயத்தில் யாரோ "அது எலிப்பாஷாணமாம்" என்று சொல்லப்போய் அம்மா இரண்டு நாள் குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்தார். அளவுதான் எல்லாம் என்று விளங்கவைக்க ஒரு மாலை போனது.

அந்த அளவைப் பார்ப்பதற்குத்தான் ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை. 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தப்போக்கு. ஆரம்பத்தில் அடிக்கடி, நிலையான பிறகு இடைவெளி விட்டுப் பார்ப்பார்கள். பரிசோதனை இலவசம். ஆனால் கிளினிக் நாளில் அம்மாவோடு போன தங்கைக்கு அன்று பேர் விழாது. விடியப் புறப்பட்டு, வரிசையில் நின்று, முடிவு வரும்வரை காத்திருந்து, மருந்து எடுத்துத் திரும்ப மாலையாகிவிடும். நாட்கூலியில் வாழும் வீட்டில் இப்படி மாதத்தில் இரண்டு மூன்று நாள் போனால், நான்காம் முறை "அடுத்த கிழமை பாப்போம்" என்றுதான் சொல்வார்கள். சிகிச்சையைப் பாதியில் விடுபவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரலில் ஒரு துளி எடுத்து நிமிடத்தில் ஐஎன்ஆர் சொல்லும் கையடக்க இயந்திரங்கள் உலகில் பல காலமாகப் பாவனையில் உள்ளன. தோட்டத்து மருந்தகத்துக்கு மாதம் இருமுறை அப்படி ஒன்று வந்தால் எத்தனை பேர் மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் என்ற புதிய குளிசைகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. 2013இல் வெளியான, 5,395 பேரை உள்ளடக்கிய ஆய்வில், பழைய சிகிச்சையில் 1.8 வீதமாக இருந்த பாரிய இரத்தப்போக்கு அபிக்ஸபானில் 0.6 வீதமாக இருந்தது. வெளியே வாங்குவதென்றால் விலை கூட. இரண்டு பேரின் நாட்கூலியும் பஸ் காசும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், அன்ரிபொஸ்பொலிபிட் என்ற உறைதல் நோய் உள்ளவர்களுக்கு இவை பொதுவாகப் பொருந்தாது. ஒருநாள் விட்டாலும் பாதுகாப்பு போய்விடும் என்பதும் இவற்றில் உண்டு.

வோபரின் எடுப்பவர் கீரை சாப்பிடக்கூடாது என்று ஒரு கதை இருக்கிறது. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் விற்றமின் கே நிறைய. அது வோபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் நிறுத்த வேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் குளிசையின் அளவை அதற்கேற்ப வைத்தியர் அமைத்துக்கொள்வார். கீரையே இல்லாமல் இரண்டு மாதம், பிறகு திடீரென்று தினமும் கீரை என்பதுதான் கூடாது. உண்மையில் பயப்பட வேண்டியது கடையில் கேட்டு வாங்கும் வலிக் குளிசைக்கு. டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் மூன்றும் வயிற்றில் இரத்தம் கசியவைக்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல் போன்ற கிருமிநாசினி மருந்துகள் ஐஎன்ஆரைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைப் பெரிதும் குறைக்கும். எந்த வைத்தியரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், கிளினிக் கொப்பியை முதலில் காட்டுங்கள். குளிசையின் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். எத்தனை மில்லிகிராம் என்று உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மலம் கறுப்பாகத் தார் போலப் போனாலோ, சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். வேலைக்குத் திரும்பியவர்களுக்கு அட்டைக் கடி வழக்கத்தைவிட நீண்ட நேரம் வழியும். துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம்.

கர்ப்பிணிகள் விடயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வோபரின் வயிற்றில் உள்ள பிள்ளையைப் பாதிக்கும். அதனால் ஹெப்பரின் வகை ஊசியைத்தான் கொடுப்பார்கள். வோபரின் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போனால் அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பாலூட்டும் தாய்க்கு வோபரின் பாதகமில்லை. பிள்ளை பெற்ற பெண்ணை நடமாட விடாமல் படுக்கவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் கால்களுக்கு அது நல்லதல்ல. வார்டிலேயே எழுந்து நடக்கச் சொல்வது அதனால்தான்.

மூன்று மாதம் ஒழுங்காக மருந்து எடுத்த பின்னும் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் அதை வயதின்மேல் போட்டுவிடாதீர்கள். சிறு பகுதியினருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாகி நுரையீரல் குழாய்களில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். இருதய ஸ்கேனில் அது தெரியும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அம்மா ஆறாம் மாதம் வோபரினை நிறுத்தினார், வைத்தியர் சொன்ன பிறகு. இப்போது மலைக்குப் போவதில்லை. லயத்தில் யாருக்காவது காலில் பிளாஸ்டர் போட்டால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை ஆட்டு, தொடையை இறுக்கு என்று உயிரை எடுக்கிறார்.

கிளிநொச்சியில் அத்தை மாதத்தின் முதல் ஞாயிறு நாடாவை எடுக்கிறார். இந்த ஞாயிறு மாலையும் கோல் எடுத்துச் சொன்னார்: "வலது 27, இடது 27."